சமுதாய நிதி: ஊர்க் கலைக்கும் இளைஞருக்கும் எப்படி உதவும்?



தம்மம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மரச்சிற்பம். வாகை, மா போன்ற மரங்களில் சாமி சிலை, வாகனம், கதவு வேலைப்பாடு என்று செதுக்கும் கைகள் நம்ம ஊரில் இருக்கின்றன. ஆனால் குழுக் கூட்டத்தில் சிற்பி வீட்டு அக்காமார்கள் கேட்பது வேறு: "பையன் உளியைத் தொடவே மாட்டேங்கிறான். கத்துக்கிற வரைக்கும் வீட்டுச் செலவுக்கு யாரு தருவா?"

இதற்கு ஒரு வழிதான் சமுதாய நிதி அறக்கட்டளை.

அப்படி என்றால் என்ன?

ஊர்க்காரர்கள் பலர் கொடுக்கும் தொகையைச் சேர்த்து முதலாக வைப்பார்கள். முதலைத் தொடாமல், அதில் வரும் வருமானத்தைக் கலை, பழைய கட்டடம், இளைஞர் பயிற்சி போன்றவற்றுக்கு மானியமாகத் தருவார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் 1914ல் பிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் இதைத் தொடங்கி வைத்தார்.

நமக்கும் இது புதுசு இல்லை. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விட்டதாகத் தஞ்சைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் இருப்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு முதல், நெய்தான் விளக்குக்கு!

அமெரிக்கத் தமிழர்கள் 1974ல் தொடங்கிய தமிழ்நாடு அறக்கட்டளையும் பலர் பணத்தைச் சேர்த்து இங்கே கல்விப் பணிகளுக்கு உதவி வருகிறது.

கடனா, மானியமா?

உள்கடன் வட்டியோடு திரும்பி வரணும். மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு காட்டணும். தமிழக அரசு 2025ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், 35 வயது நிறைந்தவர்களுக்கு மானியத்துடன் கடன் என்று வந்தது. தொழில் கற்கும் 19 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இப்படிப்பட்ட மானியம் வேண்டும்.

மானியம் தருபவர்கள் கேட்கும் கேள்விகள்

1. யாருக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை மாதம்?
2. செலவு எவ்வளவு? உதாரணமாக, 5 பிள்ளைகளுக்கு மாதம் ரூ.3,000 வீதம் 12 மாதம் கொடுத்தால் ரூ.1,80,000. உளி, மரம், ஆசானுக்கான ஊதியம் தனி.
3. உங்கள் பங்கு என்ன? பணம்தான் என்றில்லை. இடம், உழைப்பும் பங்குதான்.
4. மானியம் நின்ற பிறகு என்ன?

நான்காவது கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறோம். உதவித்தொகை நின்ற மறுமாதமே பிள்ளைகள் பட்டறையை விட்டுப் போனால், ஒரு வருட உழைப்பும் வீண். அதனால் ஆறாவது மாதத்திலிருந்தே சிறு பொருள் செய்து விற்க வைக்க வேண்டும். விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கூட்டமைப்பில் தனி நிதியாகப் போட்டு வந்தால், அடுத்த பிள்ளைக்கு அது முதலாகும்.

எச்சரிக்கை!

"மானியம் வாங்கித் தர்றேன், முன்பணம் கொடுங்க" என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள். வெளிநாட்டு நன்கொடையைப் பெற மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். குழுக் கணக்கு எண்ணை யாருக்கும் சும்மா கொடுக்க வேண்டாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் ஊரில் அழிந்து வரும் கலை எது, கற்க விரும்பும் பிள்ளைகள் யார் என்று பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் கூட இருக்கிறோம்.

சிறு துளி சேர்ப்போம்! ஊர்க் கலை காப்போம்!