தண்டவாளம் போனது, சைக்கிள் வந்தது

அட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கும் இஸ்திரியா, திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒயினுக்கும் பெயர்போன பகுதி. இன்றைய இத்தாலியின் திரியெஸ்தே நகரிலிருந்து குரோஷியாவின் பொரேச் வரை 123 கிலோமீட்டருக்கு 1902இல் ஒரு குறுகிய ரயில்பாதை போட்டார்கள். பெயர் பரென்சானா. ஒயின், ஆலிவ் எண்ணெய், உப்பு எல்லாம் அதில் போயின. வேகம்தான் மகா மந்தம்! ஓடும் ரயிலிலிருந்து இறங்கி, திராட்சை பறித்துக்கொண்டு திரும்ப ஏறிவிடலாம் என்று ஊரார் கேலி பேசுவார்களாம்.

1935இல் ரயில் நின்றது, தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். இப்போது அந்தத் தடத்தில் சைக்கிள்கள் ஓடுகின்றன. குரோஷியப் பகுதியில் பெரும்பாலும் சரளைக்கல் பாதை. கார், லாரித் தொல்லை அநேகமாகக் கிடையாது. நீராவி எஞ்சினுக்காகப் போட்ட தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் இல்லை. மோட்டோவுன் மலையூர்ப் பக்கம் சுற்றிச் சுற்றித்தான் ஏறும். வழியில் சுரங்கங்களும் உண்டு. சைக்கிளில் விளக்கு அவசியம்.