பழைய மோட்டார் வண்டியும் புதிய உறுப்புகளும்

பெங்களூர் நகரச் சாலைகளில் ஓடும் புதிய கார்களுக்கு இடையே அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட வண்டிகளும் ஆங்காங்கே காணப்படுகின்றன. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடர், பம்பாயில் செய்யப்பட்ட பிரீமியர் பத்மினி, சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றின் உரிமையாளர் பலர் வண்டியைக் காட்சிப் பொருளாக வைத்திராமல் அன்றாடம் ஓட்ட விரும்புகின்றனர். அதற்கெனப் புதிய இயந்திரம், பிரேக்கு, விளக்கு முதலியவற்றைப் பொருத்துகின்றனர். ஜே.சி. சாலையிலும் சிவாஜிநகரிலும் உள்ள கடைகளில் உதிரி உறுப்புகள் பலவும் கிடைக்கின்றன. ஆனால் கடையில் கிடைப்பவை யாவும் வண்டிக்கு ஏற்றவை ஆகா. எதனை முதலில் மாற்றுவது, எதனை மாற்றலாகாது என்பதை விஞ்ஞான முறையில் அறிந்து செயற்படுவது உயிர்க் காப்புக்கு இன்றியமையாதது.

வேகமும் பிரேக்கும்

மோட்டார் வண்டி என்பது தனித்தனி உறுப்புகளின் கூட்டம் அன்று. ஒன்றற்கொன்று அளவொத்து அமைந்த ஓர் ஏற்பாடு. இயந்திரத்தின் சக்தி, பிரேக்கின் வலிமை, டயரின் பிடிப்பு, உடற்கூட்டின் உறுதி ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மட்டும் பெருக்கினால் மற்றவை அதற்கு ஈடுகொடுக்க மாட்டா.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். அம்பாசிடரின் எடை சுமார் 1,100 கிலோகிராம். அது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 68,000 ஜூல். வேகம் 80 கிலோமீட்டராக இரட்டித்தால் ஆற்றல் இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகி 2,70,000 ஜூலைத் தாண்டுகிறது. வண்டியை நிறுத்தும்போது இவ்வாற்றலின் பெரும்பகுதி பிரேக்குகளில் உஷ்ணமாக மாறுகிறது. பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. டிரம் மூடிய அமைப்பு உடையதாதலின் உஷ்ணம் எளிதில் வெளியேறுவதில்லை. உஷ்ணத்தால் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது; லைனிங்கின் உராய்வும் குறைகிறது. சரிவான சாலையில் அடிக்கடி பிரேக்கை அழுத்துவோர் மிதி தளர்ந்துபோவதை உணர்வது இதனாலேயே ஆகும்.

ஆகவே சக்திமிக்க இயந்திரத்தை முதலில் பொருத்திப் பிரேக்கைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது அபாயகரமான வரிசை. உத்தர்பாரா தொழிற்சாலையே இதற்கு நல்ல சான்று. 1990-களில் அம்பாசிடருக்குச் சுமார் 75 குதிரைசக்தி உடைய 1.8 லிட்டர் இசுசு இயந்திரம் அளிக்கப்பட்டபோது, ஐந்து வேகக் கியர்ப்பெட்டியும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் உடன் கிடைத்தன. டிஸ்க் திறந்த நிலையில் காற்றில் சுழல்வதால் விரைவில் குளிர்கிறது. எனினும் டிரம்மின் ஷூ சுழற்சியால் தானாகவே இறுகுவதுபோல் டிஸ்க்கின் பேடு இறுகுவதில்லை. மிதியை மிகுந்த விசையுடன் அழுத்த வேண்டியிருக்கும். எனவே டிஸ்க்குடன் வெற்றிடப் பூஸ்டரும் தேவைப்படுகிறது. அன்றியும், பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே பாதைதான் உண்டு; அது ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களும் பிரேக்கை இழக்கும். இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர் பொருத்தினால் ஒரு பாதை பழுதுற்றாலும் மற்றொன்று வேலை செய்யும்.

உயரமும் வெப்பமும்

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட எட்டு சதவீதத்திற்குச் சற்று அதிகமாகவே குறைவு. இயந்திரம் உள்ளிழுக்கும் காற்று குறைவதால் சக்தியும் ஏறத்தாழ அவ்வளவு குறைகிறது. "வண்டி இழுக்கவில்லை" என்று இயந்திரத்தையே மாற்ற முற்படுவோர், கார்பரேட்டரின் கலவை விகிதத்தை உயரத்திற்கு ஏற்பச் சரிசெய்து பார்ப்பது நலம்.

இவ்வுயரத்தில் நீரின் கொதிநிலையும் சுமார் 97 டிகிரி சென்டிகிரேடாகத் தாழ்கிறது. இயந்திரத்துடன் சுழலும் பழைய விசிறி, நெரிசலில் வண்டி நிற்கும்போது மெதுவாகவே சுழல்கிறது, ரேடியேட்டர் கொதிக்கிறது. மின் விசிறி இக்குறையைப் போக்கும். சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இட்டால் கொதிநிலை 10 டிகிரிக்கு மேல் உயர்கிறது. ஆனால் வண்டிக்குக் குறித்த அளவுக்கு மேற்பட்ட மூடியை இட்டால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்புகள் பிளந்துவிடக்கூடும்.

எரிபொருளும் மின்சாரமும்

இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. முற்கால இயந்திரங்களில் வால்வு அமரும் இடங்களைத் தேயாமல் காத்தது அந்த ஈயமே. ஆகவே இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்க்கும்போது கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்துவது நல்ல மாற்றம். இப்பொழுது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வழங்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். அதற்குத் தாங்கும் குழாய்களை மாற்றாவிடின், கசியும் பெட்ரோல் சூடான இயந்திரத்தின் மீது சொட்டித் தீ விபத்து நேரலாம்.

விளக்கு மங்கலாக உள்ளதெனப் பெரிய பல்பை இடுவதும் பொதுவான தவறு. மெல்லிய ஒயரிலும் தேய்ந்த சுவிட்சிலும் மின்னழுத்தம் விரயமாகிறது. 12 வோல்ட்டுக்குப் பதிலாக 10 வோல்ட் மட்டுமே பல்பை எட்டினால் ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடும். பெரிய பல்பு மேலும் மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் ஒயரில் தோன்றும் உஷ்ணம் நான்கு மடங்காகும். தடித்த ஒயரும் ரிலேயும் ஃபியூஸும் இட்டபின் பழைய பல்பே போதிய ஒளி தருவதைக் காணலாம். பள்ளியில் ஒரு பாட்டரி, ஒரு பல்பு, மெல்லியதும் தடித்ததுமான இரு நீண்ட கம்பிகள் ஆகியவற்றைக் கொண்டு ஆசிரியர் இதனை எளிதில் செய்து காட்டலாம்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. வண்டியை மின்சார வண்டியாக மாற்றுவதற்கு 2016-இல் தனி விதிகள் வந்துள்ளன. அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் ஒப்புக்கொண்ட சாதனத்தையே பொருத்த வேண்டும். 2001-இல் ரேவா மின்சாரக் காரை வெளியிட்ட பெங்களூரில் இதற்கான ஆர்வம் மிகுதி. ஆனால் பாட்டரியின் எடை வண்டியின் எடைப் பகிர்வை மாற்றும் என்பதையும், அம்பாசிடரில் உடற்கூடே சுமை தாங்கும் சட்டமாக அமைந்துள்ளதால் அதனை வெட்டுவது வண்டியின் உறுதியையே வெட்டுவதாகும் என்பதையும் மறத்தலாகாது.

2021 ஜூலையில் தொன்மை வண்டிகளுக்கான விதிகளும் வெளியாயின. முதற் பதிவு முதல் 50 ஆண்டு கடந்தும், சேசிஸ், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றியும் உள்ள வண்டிக்கே இத்தகுதி உண்டு. 1970-இல் பதிவான அம்பாசிடர் வயதால் தகுதி பெற்றாலும், இயந்திரத்தை மாற்றினால் அத்தகுதியை இழக்க நேரும். இழந்ததை எளிதில் மீட்க இயலாது.

வரிசை முறை

ஆகவே ஆலோசனை கேட்பாருக்குக் களப்பணியாளர் கூறத்தக்க வரிசை இதுவே: முதலில் பிரேக்கும் டயரும், அடுத்து எரிபொருட் குழாயும் மின் ஒயரும், பின்னர் குளிர்விப்பு, அதன்பின் விளக்கு, சக்தியைப் பெருக்குவது, வேண்டுமாயின், இறுதியில். சாதாரண டயரையும் ரேடியல் டயரையும் ஒரே அச்சில் கலந்து இடலாகாது. வெட்டியோ துளைத்தோ செய்யும் மாற்றத்தினும் மீண்டும் பழைய நிலைக்குக் கொணரத்தக்க மாற்றமே மேல். கழற்றிய உறுப்புகளை எறியாமல் பெயர் எழுதிப் பாதுகாத்தல் வேண்டும். பெரிய மாற்றம் எதற்கும் முன்னர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, எழுத்து மூலம் அனுமதி பெறுவது உரிமையாளரின் கடமை. இவ்வாறு செய்யின் பழைய வண்டியின் சிறப்பும் குன்றாது. அதில் ஏறிச் செல்வோரும் பாதுகாப்புடன் வீடு சேர்வர்.