மாவிலை ஓரத்து ஊதா

ஆனி மாதத்தில் சித்தூரிலிருந்து பலமனேர் போகிறவர்கள் பங்காருபாளையத்தில் மாங்காய் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகவேண்டும். அத்தனையும் கிளிமூக்கு, அங்கே தோதாபுரி என்பார்கள். பக்கத்துத் தோப்பில் இறங்கி, உச்சிவெயிலில் வெளுத்த வானத்தை நோக்கி ஒரு கிளையைப் படமெடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இலை ஓரமெல்லாம் நாவல்பழச் சாறு தடவியதுபோல் ஊதாக் கோடு. மரத்தில் அப்படி எதுவும் இல்லை.

அது வில்லையின் வேலை. கண்ணாடிக்குள் ஊதா அதிகம் வளையும், சிவப்பு குறைவாக வளையும். சாதாரணக் கண்ணாடியில் செய்த ஒற்றை வில்லை மஞ்சள் ஒளியை 50 மில்லிமீட்டரில் குவித்தால், ஊதாவை அதற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகவே முன்னால் குவித்துவிடும். இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து இதைச் சரிசெய்யும் முறைக்கு ஜான் டோலண்ட் 1758இல் காப்புரிமை பெற்றார். அதிலும் மிச்சம் உண்டு. பச்சை கூர்மையாக விழும்போது இரு கோடியிலுள்ள சிவப்பும் ஊதாவும் கலைந்து படரும். வானம் கண்கூசும் அளவுக்கு இருப்பதால், அந்தச் சிறு கசிவே இருண்ட இலைமேல் பளிச்சென்று தெரிகிறது.

வில்லைக்குப் பதில் ஆடியால் ஒளியைக் குவித்தால் இந்தத் தொல்லை கிடையாது. பட்டுத் திரும்பும் ஒளியில் நிறம் பிரியாது. தெற்கே, காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஒளியைக் குவிப்பது ஆடியால்தான்.

எனக்கு வியப்பு கேமராமேல் இல்லை, கண்மேல். நம் கண்ணிலும் இதே குறை இருக்கிறது, அதுவும் பெரிதாக: ஊதாக் கோடிக்கும் சிவப்புக் கோடிக்கும் ஏறத்தாழ 2 டையாப்டர் வித்தியாசம். ‘பவர் ரெண்டு’ என்று கண்ணாடிக் கடையில் சொல்கிறார்களே, அந்த அளவு! ஆனாலும் மாவிலைக்கு நாம் ஊதாக்கரை காண்பதில்லை. விழித்திரையின் நட்டநடுவில் நீலம் உணரும் கூம்புகளே இல்லை. போதாததற்கு அங்கே படிந்த மஞ்சள் நிறமி ஊதாவையும் நீலத்தையும் வடிகட்டிவிடுகிறது. மீதியை மூளை பார்த்துக்கொள்கிறது. கேமராவின் உணரியில் நீலப் புள்ளிகள் மூலைமுடுக்கெல்லாம் இருக்கின்றன.

படத்தில் ஊதாக் கோட்டைக் குறைக்க, பெரிய கேமரா என்றால் துவாரத்தைக் குறுக்குங்கள். செல்போன் என்றால் வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். மென்பொருளாலும் அழிக்கலாம். ஆனால் படத்தில் நாவல்பழக் கூடை இருந்தால் கவனம்: பழத்தின் ஓரமும் சேர்ந்து வெளுத்துப்போகும்.