வெட்டும் ஒட்டும்

தீக்காயங்களிலும் செயற்கைச் சுவாசம் பெறுவோரின் நுரையீரலிலும் குடியேறி உயிருக்கு உலை வைக்கும் பாக்டீரியா, சூடோமோனாஸ் ஏருஜினோசா. அதன் முனையிலிருந்து 6 நானோமீட்டர் பருமனே கொண்ட இழைகள் நீளும். இழையை வீசி, கிடைத்த பரப்பைப் பற்றி, உள்ளே சுருட்டியபடி அது நகரும்.

பைலின் என்ற புரதம் ஆயிரக்கணக்கில் அடுக்கிச் சேர்ந்ததே இந்த இழை. ஆனால் புதிதாக உருவான பைலின் அப்படியே இழையில் சேர முடியாது. அதன் தலைப்பில் ஆறு அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கும். நேர்மின்னூட்டம் கொண்ட அந்தத் துண்டு செல்லின் உட்புறம் நிற்க, அடுத்த பகுதி சவ்வின் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். பைல்-டி என்ற நொதி வந்து, ஆறாவதான கிளைசினுக்கும் ஏழாவதான பினைல்அலனினுக்கும் நடுவே வெட்டுகிறது.

வெட்டியதோடு அது போய்விடுவதில்லை. இப்போது முதலிடத்துக்கு வந்துவிட்ட பினைல்அலனினின் நைட்ரஜனில் ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டுகிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். வெட்டும் நொதி இதுதான் என்று டேவிட் நன்னும் ஸ்டீபன் லோரியும் 1991-இல் காட்டினார்கள். ஒட்டுவதும் அதுவே என்பது 1993-இல் தெளிவானது. வேதியியலில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரு வேலைகள், ஒரே புரதத்தில்!

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு வேறொன்று. இதே பாக்டீரியா நச்சுகளையும் திசுவைச் சிதைக்கும் நொதிகளையும் வெளியே தள்ள ஒரு தனிப் பொறியமைப்பு வைத்திருக்கிறது. அதன் உறுப்புகளில் சில, பைலினை ஒத்த புரதங்கள். தலைப்பில் அதே மாதிரித் துண்டு, அதே இடத்தில் வெட்டு, அதே மீத்தைல். பைல்-டி இல்லாத பாக்டீரியாவுக்கு இழையும் முளைக்காது. நச்சும் உள்ளேயே தேங்கிவிடும். காலரா கிருமியும் தன் நச்சை வெளியேற்ற இதே வகை நொதியை நம்பித்தான் இருக்கிறது.

அந்த மீத்தைல் எதற்கு? வெட்டும் திறன் இருந்தும் ஒட்டும் திறனை இழந்த மாற்று நொதிகளை உருவாக்கிப் பார்த்தபோது, இழைகள் முளைக்கவே செய்தன. ஆயினும் இவ்வகை இழை கொண்ட பாக்டீரியாக்கள் பலவும் அந்தச் சின்னஞ்சிறு ஒட்டைக் கைவிடவில்லை. வீண்செலவைப் பரிணாமம் இத்தனை காலம் சுமந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

இந்த நொதியை முடக்கினால் பற்றுதலும் நச்சும் ஒருசேர நிற்கும். மருந்துக்கு ஏற்ற இலக்குதான். ஆனால் அது வெட்டப் பயன்படுத்தும் இரண்டு அஸ்பார்ட்டிக் அமிலங்களில் ஒன்றைச் சுற்றியுள்ள வரிசை, அல்சைமர் நோயோடு தொடர்புடைய பிரசெனிலின் என்ற மனிதப் புரதத்திலும் காணப்படுகிறது. கிருமியினுடையதை அடைத்து நம்முடையதைத் தொடாத மருந்துதான் தேவை.