பணம் போகும் தேதி எது?

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கைபேசியை நீட்டினார். "இது என்னன்னு பாருப்பா. மாசாமாசம் வருது, நான் படிக்காமலே அழிச்சிடறேன்." வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி. நெட்ஃபிளிக்ஸ் சந்தாவுக்காக 649 ரூபாய் கணக்கிலிருந்து எடுக்கப்படும் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அந்தச் செய்தியை அழிக்காதீர்கள் என்றுதான் முதலில் சொன்னேன். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதி அது. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகவே, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று நமக்குச் சொல்லியாக வேண்டும். 15,000 ரூபாய்க்குள் இருக்கும் இத்தகைய சந்தாவுக்கு முதல் தடவைக்குப் பிறகு ஓடிபி கேட்பதில்லை. ஆகவே பணம் போவதற்கு முன் அடிக்கிற ஒரே மணி அந்தக் குறுஞ்செய்திதான்.

649 ரூபாய்த் திட்டம் என்பது ஒரே நேரத்தில் நான்கு திரைகளில், 4கே தரத்தில் பார்ப்பதற்கானது. மகன் வீட்டிலிருந்தபோது போட்டது. அவன் பெங்களூருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வேறு வீட்டில் இருப்பவர்கள் ஒரே கணக்கைப் பகிர்வதை அந்த நிறுவனம் 2023 ஜூலையிலேயே இந்தியாவில் நிறுத்திவிட்டதால் அவன் தனியாகக் கணக்கு வைத்திருக்கிறான். இங்கே அத்தையும் மாமாவும் மட்டும். கூடத்தில் பழைய 32 அங்குல டிவி. அதில் 4கே தெரியவே தெரியாது. 199 ரூபாய்த் திட்டம் ஒரு திரைக்கு, எச்டி தரத்தில் கிடைக்கிறது. 2021 டிசம்பரில் 499-லிருந்து குறைத்த விலை அது. மாதம் 450 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 5,400. பார்ப்பதில் ஒரு குறையும் வராது. சந்தாவை நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கும் முன், எந்தத் திட்டத்தில் இருக்கிறோம் என்று பார்ப்பது நல்லது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்தது அமேசான் பிரைம். மாதச் சந்தா 299, ஆண்டுச் சந்தா 1,499. ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினால் 1,495 ஆகிறது. வருடத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் பயன்படுத்துகிறவருக்கு ஆண்டுச் சந்தா லாபம். அதற்குக் கீழே என்றால் வேண்டியபோது ஒரு மாதம் போட்டுக்கொள்வதே சரி. பொருள் வாங்கும்போது டெலிவரிக் கட்டணம் மிச்சமாவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அத்தை மளிகையை முக்குக் கடையில் வாங்குகிறார், துணிமணிக்கு கடைவீதிக்குப் போகிறார். அவருக்கு அந்த லாபம் கிடையாது.

"நிறுத்திட்டா நடுவுல விட்ட தொடர் போயிடுமே?" என்றார். போகாது. சந்தாவை ரத்து செய்தாலும், பொதுவாக, கட்டிய காலம் முடியும் வரை படம் ஓடும். அதனால் நான் ஒரு மாதத்துக்குப் பணம் கட்டிய அன்றைக்கே ரத்தும் செய்துவிடுவேன். முப்பது நாளும் எனக்கு உண்டு. அடுத்த மாதம் மறதியால் பணம் போகாது. தொடரோ படமோ ஒன்று பார்க்க வேண்டும் என்று தோன்றும்போது திரும்பச் சேர்வதற்கு இரண்டு நிமிடம் போதும். தியேட்டரில் வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை நான்கு வாரத்திலோ சற்றுத் தள்ளியோ ஏதோ ஒரு தளத்துக்கு வந்துவிடுகின்றன. எந்தத் தளம் என்பது படத்துக்குப் படம் மாறும். எல்லாத் தளத்தையும் வருடம் முழுக்க வைத்திருந்து காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் ஐபிஎல் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் ஜியோஹாட்ஸ்டார் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் உங்கள் ரீசார்ஜ் திட்டத்தையும் வீட்டு பிராட்பேண்ட் திட்டத்தையும் ஒரு தடவை பாருங்கள். பலவற்றில் ஏதாவது ஒரு தளம் ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது. ஒரே தளத்துக்கு இரண்டு பக்கமும் பணம் கட்டுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று கவனம். கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. எங்கே போட்டோமோ அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்: தளத்தின் கணக்குப் பக்கம், அல்லது கூகுள் பிளே, ஆப்பிள் சந்தாப் பட்டியல். யுபிஐ வழியாகக் கட்டினால், அந்தச் செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதியில் உங்கள் பெயரில் ஓடும் அனுமதிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். அத்தையுடையதைத் திறந்தோம். நான்கு இருந்தன. அதில் ஒன்று எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை.

டீ ஆறுவதற்குள் மூன்றை நிறுத்தினோம். நெட்ஃபிளிக்ஸ் மட்டும் 199-க்கு இறங்கி நிற்கிறது, மாமா இரவில் பார்க்கிறார் என்பதால். நீங்களும் இன்றைக்கே அந்த ஆட்டோபே பக்கத்தைத் திறந்து, அடுத்த பணம் எந்தத் தேதியில் போகிறது என்று பாருங்கள்.