கிட்டங்கிக் கழிவுக்கு யார் பொறுப்பு?

மொத்த வியாபாரம் செய்யும் நம்மிடம் கொள்முதலுக்கு ஓர் ஆள் உண்டு. வசூலுக்கு ஓர் ஆள் உண்டு. கிட்டங்கிச் சாவிக்கும் ஓர் ஆள் உண்டு. கழிவுக்கு யார் என்று கேட்டால் மட்டும், "எல்லோரும்தான் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறோம். சோதனைக்கு வரும் அதிகாரி மூலையில் கிடக்கும் பைக் கட்டைக் காட்டி, "இது யாருடையது?" என்று கேட்கும்போது முதலாளி கணக்குப்பிள்ளையைப் பார்ப்பார்; கணக்குப்பிள்ளை சுமை தூக்குபவரைப் பார்ப்பார். கடைசியில் அபராதம் கட்டுவது முதலாளிதான்.

ஆகவே, சுற்றுச்சூழல் பொறுப்பை ஆள்வாரியாகப் பிரித்து எழுதி வைப்பது நமக்கே நல்லது. எப்படிப் பிரிக்கலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, கொள்முதல். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 1.1.2019 முதல் தடை உள்ளது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல் ஆகியவையும் இதில் அடங்கும். மத்திய விதிப்படி 31.12.2022 முதல் கைப்பைகள் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. இதைச் சொல்லி, "தடிமனான பைதான், வாங்குங்கள்" என்று வெளிமாநில ஏஜெண்டுகள் கேட்பதுண்டு. நம் மாநிலத் தடையோ எந்தத் தடிமனுக்கும் பொருந்தும். எனவே ஆர்டர் போடும் கணக்குப்பிள்ளையே இந்தப் பட்டியலுக்குப் பொறுப்பு. நம்மிடம் வாங்கும் சில்லறைக் கடைக்காரரும் நம்மை நம்பித்தான் அடுக்கி வைக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, தினசரிக் கழிவு. குப்பையை வகை பிரித்துக் கொடுப்பதைத் திடக்கழிவு விதிகளே கடமையாக்கிவிட்டன. சிந்திய தானியம், அழுகிய வெங்காயம் ஒரு தொட்டி. அட்டை, சாக்கு, பாலித்தீன் உறை ஒரு தொட்டி. இது கிட்டங்கிப் பொறுப்பாளர் வேலை. பிரித்த அட்டையும் சாக்கும் பழைய சாமான் வியாபாரியிடம் காசாகும். கலந்துவிட்டால் அது வெறும் குப்பை. எண்ணெய் டின் ஒழுகினால் உமியோ மரத்தூளோ போட்டு அள்ள வேண்டும். சாக்கடையில் கழுவி விடக் கூடாது.

மூன்றாவது, பழுதான சாதனங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈயமும் அமிலமும் உண்டு. பழையதைக் குப்பையில் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து ரசீது பெறுவது கணக்குப்பிள்ளையின் பொறுப்பு.

நான்காவது, மருந்து வைப்பது. இதை முதலாளி வேறு யாரிடமும் விடக் கூடாது. வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பின் என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். அது சுவர் விரிசல் வழியாகவும் பரவும். கிட்டங்கிக்கு மேல் மாடியிலோ ஒட்டிய வீட்டிலோ ஆள் குடியிருந்தால் அங்கே மருந்து வைக்கவே கூடாது. அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளரைத் தவிர வேறு யாரும் இதைக் கையாளக் கூடாது. மீந்த தூளில் வாயு தங்கியிருக்கலாம். அதை மூடிய டப்பாவில் அடைத்தாலோ குப்பைத் தொட்டியில் போட்டாலோ, மறுநாள் காலையில் தொட்டியைத் தூக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு ஆபத்து. ஆகவே தூளையும் காலிக் குப்பியையும் அவரே எடுத்துச் செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, எதிரே பெயரும் கையெழுத்தும் வாங்கிக் கிட்டங்கிக் கதவின் உட்புறம் ஒட்டுவோம். அந்த ஆள் விடுப்பில் போனால் மாற்று ஆள் யார் என்பதையும் எழுதுவோம். மாதம் ஒருநாள், இருப்புக் கணக்குப் பார்க்கும்போதே இதையும் சரிபார்ப்போம். கழிவு எடுத்தவர் கொடுத்த ரசீதுகளைத் தனிக் கோப்பில் வைப்போம்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்தது. சிறை போனது என்று நிம்மதி கொள்ள இதில் ஒன்றுமில்லை. சிறு வியாபாரியின் முதலையே அது விழுங்கிவிடும். அந்தத் தாளில் பெயர் எழுதச் செலவு ஏதுமில்லை. இந்த வாரமே எழுதிவிடுவோம்.