செருகலைத் தேடிய ரசிகர்

இலஞ்சியை அடுத்த குற்றாலத்தில் வாழ்ந்து மறைந்தவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). சட்டம் படித்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டம் பலருக்குக் கவிதையைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது.

கம்பராமாயணத்தில் பிறர் செருகிய பாடல்கள் ஏராளம் என்று அவர் உறுதியாக நம்பினார். ஓசையும் உணர்ச்சியும் கம்பருடையவையாக ஒலிக்காத பாடல்களை ஒதுக்கினார். சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். அப்படிப் பிறந்தது ‘கம்பர் தரும் ராமாயணம்’.

ஐரோப்பாவிலும் இதே தேடல் நடந்தது. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமானியச் சட்டத் திரட்டை, ஜெர்மானிய அறிஞர் தியோடர் மொம்சன் 1870இல் பதிப்பித்து முடித்தார். புளோரன்ஸ் நகரத்துப் பழஞ்சுவடியே அவருக்கு முதல் ஆதாரம். பழைய சட்ட அறிஞர்களின் வாசகங்களைத் திருத்த, தொகுத்தவர்களுக்கு அரசரே அனுமதி தந்திருந்தார். அந்தத் திருத்தங்களைப் பிரித்தறிவதில் பின்வந்த ஜெர்மன் அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள்.

மொம்சன் சுவடியை நம்பினார், டி.கே.சி. தம் செவியை நம்பினார். சுவடிச் சான்றில்லாமல் பாடலைத் திருத்தலாமா என்று தமிழறிஞர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் புலவர்களின் உரைகளைக் கண்டு ஒதுங்கிய எத்தனையோ பேரைக் கம்பரிடம் அழைத்துச் சென்றவர் அவர்தான்.